ஏற்கெனவே

ஃபிரீஸ்லாந்தின் வடகரையில்
கடலைவிடத் தாழ்ந்து கிடக்கிறது நிலம்.
இடையில் ஒரு மண்ணணை,
அணையில் எட்டு மதகுகள்.

எட்டு மதகுக்கு எட்டு பிட்.
மூடியிருந்தால் ஒன்று, திறந்திருந்தால் சுழி.
ஒரே ஒரு பைட்டுக்குள்
ஓர் ஊரின் கால் நனையாதிருக்கும் ஏற்பாடு.

லேவார்டன் நகரத்தின் மூன்றாம் மாடியில்
அதை எழுதியவன் வீப்ரன்.
அவன் விசைப்பலகையில்
|
நட்டு வைத்த கம்பு.
&
முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் ஆள்.
~
அலை; தொட்டதையெல்லாம் புரட்டிப் போடும்.
^
சுவரில்லாத கூரை.

கோடையில் சோதித்தபோது
கூரையைத்தான் போட்டிருந்தான்.
ஒரே பொத்தான்.
அழுத்தினால் மூடும், மறுபடி அழுத்தினால் திறக்கும்.
மேசைமேல் எட்டு விளக்குகள்
சேர்ந்து எரிந்தன, சேர்ந்து அணைந்தன.
பார்க்க நன்றாக இருந்தது.
திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று
சைக்கிளை எடுத்தான்.
எத்தனையோ திங்கட்கிழமைகள்.

நவம்பர். வடமேற்குக் காற்று.
நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு
மதகுக்காரி ஹில்க்யே அணைமேல் ஏறினாள்.
மூன்றாம் மதகின் மோட்டாரை அவள் நம்புவதில்லை,
அது இருமும்.
சக்கரத்தைக் கையால் சுற்றினாள்,
அறுபத்திரண்டு சுற்று.
கிரீஸ் நாறும் கையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.
யாருக்கும் சொல்லவில்லை.
மதகை மூடியதற்கெல்லாம் ஊரை எழுப்புவார்களா?

இயந்திரத்துக்கு மட்டும் தெரியும்:
00000100

இரண்டு பத்துக்கு நீர் எல்லை தொட்டது.
எட்டையும் மூடு என்று ஆணை புறப்பட்டது,
எட்டு ஒன்றுகளாக.
கூரையின் கீழே இரண்டு வரிசையும் சந்தித்தன.
வேறு வேறாக இருந்த இடத்தில் ஒன்று,
ஒத்துப்போன இடத்தில் சுழி.
11111011

ஏழு மூடின.
மூன்றாவது திறந்தது.
அன்று பார்த்து மோட்டார்
ஓர் இருமல்கூட இல்லாமல் ஓடியது.
எழுத்தில் இருந்த சுழி
நீரில் சுழியாகி
மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்கியது.

நமக்கு ஓர் ஓகாரம் போதும்.
காப்பியோ தேநீரோ என்றால் இரண்டில் ஒன்று;
இரண்டையும் கேட்பவனை ஒரு மாதிரி பார்ப்போம்.
மழையோ காற்றோ, வந்துவிடுவேன் என்றால்
மழையும் காற்றும் சேர்ந்தடித்தாலும் வரத்தான் வேண்டும்.
யாரும் விளக்கம் கேட்பதில்லை.
அந்த இரும்புக்கோ
கம்பு வேறு, கூரை வேறு.

கூரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு:
இரண்டு முறை போட்டால் எல்லாம் பழையபடி.
மூன்றே காலுக்கு,
படுக்கையில் மடிக்கணினியோடு,
மூன்றாம் மதகுக்கு மட்டும்
இன்னொரு முறை அனுப்பினான் வீப்ரன்.
மூடிக்கொண்டது.
பைட் நேரானது.
வயல் ஆகவில்லை.

காலையில் ஆடுகள் அணைமேல் வரிசையாக நின்றன,
ஈரக் கம்பளியோடு, கோபமாக.
ஹில்க்யேவின் முட்டைக்கோசுப் பாத்தியில்
ஒரு விலாங்கு கிடந்தது.
அவள் அதை வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது
அலுவலகக் கார் வந்து நின்றது.

"நான்தான் மூடியிருந்தேனே, ஏற்கெனவே."

ஏற்கெனவே.
அந்தச் சொல்லை எங்கே எழுதியிருக்க வேண்டும் என்று
அவன் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தான்.
எங்கேயும் எழுத வேண்டியதில்லை.
கம்புக்குள்ளேயே இருக்கிறது அது.
காரிலேயே மாற்றிவிட்டான், ஒரே ஓர் எழுத்து.
அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.
"எந்த மதகு?" என்றான், தெரிந்துகொண்டே.

அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நடந்தாள்.
அவன் வாய்க்குள் சுழி, ஒன்று, இரண்டு என்று நடந்தான்.
இருவரும் ஒரே கதவின் முன் நின்றார்கள்.

சக்கரத்தில் உப்பு பூத்திருந்தது.
கோட்டைக் கழற்றாமலே இரு கையாலும் பிடித்து
மூடும் பக்கமாகத் திருப்பினான்.
அசையவில்லை.
காலை ஊன்றி இன்னொரு முறை.
மூடிய மதகு
மூடியே இருந்தது.

வாளியில் விலாங்கு ஒரு முறை புரண்டது.